பாஸ் லூர்கள் சிக்கிக்கொள்ளாமல் அடுக்கி வைப்பது எப்படி?

அமெரிக்காவுக்கு வந்த பிறகு பாஸ் மீன் பிடிக்கப் பழகியவர்கள் யாருடைய பெட்டியைத் திறந்தாலும் முதல் வருடத்தில் ஒரே காட்சிதான். ஒரு லூரை, அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரையை, எடுக்கப் போனால் கூடவே நான்கு தொங்கிக்கொண்டு வரும். மீன் வடிவக் கெட்டி லூரான கிரேங்க்பெய்ட்டின் முள், சுழலும் தகடு வைத்த ஸ்பின்னர்பெய்ட்டின் கம்பியில், அதன் முள் தலையில் பாரம் வைத்த ஒரு ஜிக்கின் ஸ்கர்ட்டில், அதாவது இழைக் குஞ்சத்தில், எல்லாவற்றுக்கும் அடியில் உருகி ஒட்டிப்போன ஒரு பிளாஸ்டிக் புழு. விடியற்காலையில் மீன் நன்றாகக் கடிக்கும் அந்த ஒரு மணி நேரம், சிக்கெடுப்பதிலேயே போய்விடும்.

உடனே எல்லோரும் செய்வது இன்னும் பெரிய பெட்டி வாங்குவது. அது வேண்டாம். பெட்டி வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். லூர் சிக்குவது பெரும்பாலும் அதைத் திரும்ப வைக்கும் அவசரத்தில்தான். வேறு லூர் மாற்றிப் போட வேண்டும் என்ற பரபரப்பில், கழற்றியதைத் திறந்திருக்கும் பெட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். எடுக்க வசதியான பெட்டியைத் தேடுவதைவிட, ஈரக் கையோடு, அவசரத்தில், ஒரு நொடியில் திரும்ப வைக்க வசதியாக ஏற்பாடு செய்வதுதான் முக்கியம். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

நான் சொல்வது நன்னீர் லார்ஜ்மவுத் பாஸுக்கான லூர்களைப் பற்றி. நம் ஊர் ஓட்டல்களில் சீ பாஸ் என்று போடும் கொடுவா வேறு மீன்.

முதலில் அந்தக் கட்டியைப் பிரியுங்கள்

மேஜையில் அட்டையோ பழைய செய்தித்தாளோ விரித்துக்கொள்ளுங்கள். டர்க்கி டவல் கூடாது. முள் அதன் நூலில் மாட்டி வேலை இரண்டாகும். கண்ணாடி போடுங்கள், குழந்தைகளையும் நாயையும் வேறு அறைக்கு அனுப்புங்கள்.

மொத்தக் கட்டியையும் கொட்டிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு லூரை உடலில் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். முள்ளைத் தொட வேண்டாம். ஒரு சாண் உயரத்தில் லேசாக ஆட்டினால், சும்மா ஒட்டிக்கொண்டிருந்தவை தானாகக் கழன்று விழும். பாதிக் கட்டி இதிலேயே பிரிந்துவிடும். மிச்சமிருப்பதை இழுக்காதீர்கள். இழுத்தால் சட்டென்று விடுபடும் லூரின் இன்னொரு முள் நேராக உங்கள் விரலுக்கு வரும். எந்த முள்ளின் எந்தக் கிளை எதற்குள் நுழைந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த முள்ளின் தண்டை மூக்குக் குறடால் பிடித்து, எந்த வழியாக உள்ளே போனதோ அதே வழியாகத் திருப்பி எடுங்கள். இரண்டு ட்ரெபிள்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டால் போராட வேண்டியதில்லை. ட்ரெபிள் என்பது மூன்று கிளை உள்ள முள். லூரோடு அதை இணைப்பது ஒரு குட்டிச் சாவி வளையம். அந்த வளையத்தைத் திறக்கவே நுனியில் ஒரு பல் வைத்த குறடு விற்கிறார்கள், ஸ்பிளிட் ரிங் பிளையர் என்று கேளுங்கள். ஒரு முள்ளைக் கழற்றி எடுத்துவிட்டால் இரண்டு லூரும் தனித்தனி. ஸ்கர்ட்டில் மாட்டியிருந்தால் ஓர் இழையை வெட்டிவிடுங்கள். ஐம்பது இழையில் ஒன்று போனால் மீனுக்குத் தெரியாது.

தப்பித் தவறி விரலில் பார்ப் வரைக்கும், அதாவது முள் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் பல் வரைக்கும் இறங்கிவிட்டால், முதலில் அந்த முள்ளை லூரிலிருந்து பிரித்துவிடுங்கள். லூர் தொங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் முள் ஆழமாகப் போகும். பிறகு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் எதையும் தொடாமல் அப்படியே போக வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்று அங்கே கேட்பார்கள்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் சொல்வது, எல்லா முள்ளிலும் பார்பைக் குறடால் நசுக்கி மட்டமாக்கிவிடுங்கள். தூண்டில் நரம்பைத் தொய்ய விடாமல் சுற்றினால் மீன் கழலாது. சட்டை, வலை, ஸ்கர்ட், விரல் எதில் மாட்டினாலும் வந்த வழியே வெளியே வந்துவிடும்.

எது எப்படிச் சிக்கும் என்று வைத்துப் பிரியுங்கள்

கடையில் அடுக்கியிருப்பதுபோல் கம்பெனி வாரியாகவோ நிறம் வாரியாகவோ அடுக்கத் தோன்றும். வேண்டாம். சிக்கும் விதத்தை வைத்து ஐந்து குவியல் போடுங்கள்: ட்ரெபிள் உள்ள கெட்டி லூர்கள், கம்பியும் தகடும் உள்ளவை, ஸ்கர்ட் கட்டிய ஜிக்குகள், மென்மையான பிளாஸ்டிக், அப்புறம் பல லூர்களைச் சேர்த்துக் கட்டும் அம்ப்ரெல்லா ரிக். ஒரு குவியலில் உள்ளது இன்னொரு குவியலின் பெட்டிக்குள் போகவே கூடாது.

ட்ரெபிள் உள்ளவைதான் பெரிய தலைவலி. கிரேங்க்பெய்ட்டில் இரண்டு ட்ரெபிள், அதாவது ஆறு நுனி. சுண்டிச் சுண்டி இழுக்கும், நான்கு, ஐந்து அங்குல நீளமுள்ள ஒல்லியான ஜெர்க்பெய்ட்டில் பெரும்பாலும் மூன்று ட்ரெபிள், ஒன்பது நுனி. ஒரே அறையில் மூன்று ஜெர்க்பெய்ட் போட்டால் இருபத்தேழு நுனி ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும். ஓர் அறைக்கு ஒரு லூர் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். இடம் போதவில்லை என்றால் லூரைக் குறையுங்கள், அறையில் இரண்டாவதைத் திணிக்காதீர்கள்.

இப்போது பெட்டிக்கு வரலாம். பிளானோ கம்பெனி வைத்த 3600, 3700 என்ற எண்கள் இன்று பொது அளவாகவே ஆகிவிட்டன. மற்ற கம்பெனிப் பெட்டிகளையும் கடைக்காரர்கள் அந்த எண்ணில்தான் சொல்வார்கள். 3600 ஏறக்குறைய 11 அங்குல நீளம், 7 அங்குல அகலம். 3700 என்றால் 14க்கு 9. கரையில் நடந்து பிடிப்பவர்களுக்கு 3600, படகும் கேரேஜும் இருப்பவர்களுக்கு 3700. உள்ளே தடுப்புகளைக் கழற்றி மாட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அறை லூரைவிடக் கொஞ்சமே அகலமாக இருக்க வேண்டும். ரொம்ப அகலம் என்றால் லூர் உருளும். ரொம்பக் குறுகல் என்றால் முள் தடுப்பின் மேல் ஏறி உட்காரும்.

அடுக்கி முடித்ததும் ஒரு சோதனை. மூடியைப் பூட்டி, பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். திருப்பித் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு லூர் பக்கத்து அறைக்குத் தாவியிருந்தால், மூடிக்கும் தடுப்புக்கும் நடுவில் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். அந்த லூர்களுக்கு அந்தப் பெட்டி சரிப்படாது. உயரம் குறைந்த பெட்டிக்கு மாற்றுங்கள். கடையில் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது மூடியிருக்கும் நிலையில் தடுப்பு மூடியைத் தொடுகிறதா என்று கவனித்தாலே இந்த வேலை மிச்சம்.

ட்ரெபிளுக்கு மாட்டும் பிளாஸ்டிக் மூடிகள் கடையில் கிடைக்கும். அதற்குப் பதில் தடித்த ஸ்ட்ராவைத் துண்டு போட்டு, ஒரு பக்கம் நீளவாக்கில் கீறி, சின்ன முள்களின் மேல் செருகலாம். நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்து மிதக்கும் நூடுல் இருக்கிறதே, அதை வட்டமாக நறுக்கிக் கீறி மாட்டினால் பெரிய ட்ரெபிளுக்கும் ஆகும். வீட்டில் வைத்திருக்கும் சேமிப்புக்கு இதெல்லாம் நல்லது. ஆனால் ஏரிக்கரையில் ஒவ்வொரு முறையும் மூடி மாட்டிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. கையில் கொண்டுபோகும் பெட்டிக்குத் தனித்தனி அறைதான் தீர்வு.

கிரேங்க்பெய்ட்டுகளை உள்ளே எப்படி வரிசைப்படுத்துவது? ஆழத்தை வைத்து. மூக்கில் இருக்கும் தகடு குட்டையாகச் சதுரமாக இருந்தால் மேலோட்டமாக ஓடும். நீளமாக இருந்தால் ஆழம் போகும். பல கம்பெனிகள் பெயரிலேயே சொல்லிவிடுகின்றன, ராபாலா கம்பெனியின் டிடி 6 என்றால் சுமார் 6 அடி. முதல் வரிசை 5 அடிக்குள், அடுத்தது 10 அடி வரை, கடைசி அதைவிட ஆழம் போகிறவை. கரையில் நிற்கும்போது உங்களுக்குத் தோன்றும் கேள்வி தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதுதான். பச்சையா வெள்ளையா என்பது அதற்குப் பிறகு. பெயரை மூடியின் மேல் எழுதாமல் பெட்டியின் குறுகிய பக்கவாட்டில் எழுதி ஒட்டுங்கள். பைக்குள் பெட்டிகள் நிமிர்ந்துதான் நிற்கும், மூடி கண்ணில் படாது.

கம்பியும் ஸ்கர்ட்டும்

ஸ்பின்னர்பெய்ட்டைப் படுக்கப் போட்டால் இரண்டு கெடுதல். தகடு இன்னொன்றின் கம்பிக்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும். மேலே பாரம் விழுந்தால் கம்பி வளையும். வளைந்த ஸ்பின்னர்பெய்ட் தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். இவற்றைத் தொங்கவிடுவதுதான் சரி. இதற்கென்றே பள்ளம் வெட்டிய தடுப்புகள் உள்ள உயரமான பெட்டிகள் உண்டு. செலவில்லாத வழி, சமையலறையில் சீரியல் போட்டு வைக்கும் உயரமான பிளாஸ்டிக் டப்பா. தேர்தல் நேரத்தில் புல்வெளியில் குத்தி வைப்பார்களே, அந்த விளம்பரப் பலகையின் நெளிவு பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை வெட்டி டப்பாவின் உள்ளே குறுக்கே செருகுங்கள். அதன் விளிம்பில் முள்ளை மாட்டினால் தகடுகள் கீழே தொங்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் விரல் அகலம் விடுங்கள்.

எடுத்துப் போவதற்கு, ஜிப் பைகள் கோத்த பைண்டர் பை நல்லது. ஒரு பைக்கு ஒரு ஸ்பின்னர்பெய்ட். நீர்மேல் சலசலத்து ஓடும் பஸ்பெய்ட்டின் தகடு பெரிது, அதைத் தனியாகப் போடுங்கள். முன்னால் அதிரும் தகடு வைத்த சாட்டர்பெய்ட்டுக்கும் இதே ஏற்பாடுதான்.

ஜிக்குகளில் சிக்கைவிட ஸ்கர்ட் ஒட்டிப்போவதுதான் பிரச்சினை. ஈரத்தோடு அமுக்கி வைத்தால் சிலிக்கோன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மடிந்த இடத்திலேயே நிரந்தரமாக வளைந்துவிடும். முள்ளின் முன்னால் நிற்கும் களைத்தடுப்பு நார்களும் படுத்துவிடும். ஓர் அறையில் ஒன்று அல்லது இரண்டு, ஸ்கர்ட் விரிய இடம் விட்டு வையுங்கள். ஜிக்கின் வாலில் மாட்டிய பிளாஸ்டிக் நண்டை வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும். அதன் காரணம் அடுத்து.

சிக்காது, ஆனால் உருகும்

பிளாஸ்டிக் புழு, பல்லி, நண்டு எல்லாம் பெரும்பாலும் பிவிசியால் ஆனவை. அதை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப்பசையான ரசாயனம் நாளடைவில் வெளியே கசியும். அது கெட்டி லூரின் பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் இளகிக் கொழகொழவென்று ஆகும். ஜிக் ஸ்கர்ட்டில் பட்டால் இழைகள் கட்டியாக ஒட்டும். நிறமும் ஊறும். கறுப்புப் புழுவோடு இரண்டு மாதம் இருந்த வெள்ளைப் புழு சாம்பல் நிறத்தில்தான் வெளியே வரும்.

அதனால் வாங்கி வந்த பையிலேயே வைத்திருங்கள். அழகாக அறைபோட்ட பெட்டிக்கு மாற்ற வேண்டியதில்லை. பைகளை நிமிர்த்தி, புழு, நண்டு, சின்ன மீன் என்று வகைப்படுத்தி, ஒரு செவ்வக டப்பாவில் வரிசையாக நிறுத்தினால் விரலால் தள்ளித் தள்ளித் தேடிக்கொள்ளலாம். துடுப்பு வால் உள்ள மீன் வடிவ ஸ்விம்பெய்ட்டுகள் கடையில் இருக்கும் அச்சுப்பெட்டியிலேயே இருக்கட்டும். அந்த அச்சு வால் வளையாமல் இருக்கத்தான். வளைந்துவிட்டால் கொதித்து இறக்கிய தண்ணீரில் சில நொடி முக்கி எடுத்து, நேராகப் படுக்க வைத்து ஆறவிடுங்கள். பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். இசட்-மேன் கம்பெனியின் எலாஸ்டெக் என்ற பொருளால் ஆனவை இழுத்தால் ரப்பர்போல் நீளும், சீக்கிரம் கிழியாது, தண்ணீரில் மிதக்கும். ஆனால் சாதாரணப் பிவிசி புழுவோடு சேர்த்து வைத்தால் இரண்டும் வினைபுரிந்து உருகிப்போகும். அவற்றை அவற்றின் பையை விட்டு எடுக்கவே எடுக்காதீர்கள். சாட்டர்பெய்ட்டும் அதே கம்பெனியுடையதுதான் என்பதால், அதன் வாலில் மாட்ட எலாஸ்டெக் வாங்குபவர்கள் நிறைய. அங்கேதான் இந்தக் கலப்பு நடக்கும்.

அம்ப்ரெல்லா ரிக்

இது ஒன்றே ஒரு பெட்டி சிக்கலுக்குச் சமம். ஒரு தலையிலிருந்து ஐந்து கம்பிகள் விரியும், ஒவ்வொரு நுனியிலும் ஒரு ஸ்விம்பெய்ட், பார்க்க ஒரு சின்ன மீன் கூட்டம். 2011 அக்டோபரில் அலபாமாவின் கண்டர்ஸ்வில் ஏரியில் நடந்த எஃப்எல்டபிள்யூ பாஸ் பிடிக்கும் போட்டியில் பால் இலையாஸ் என்ற வீரர் இதை வைத்து நான்கு நாளில் 102 பவுண்டு 8 அவுன்ஸ் எடை பிடித்து ஜெயித்தார். அலபாமா ரிக் என்ற பெயரில் அதற்குப் பிறகு எல்லோரும் வாங்க ஓடினார்கள். சில மாநிலங்களில் ஒரே நரம்பில் இத்தனை முள்தான் போடலாம் என்று வரம்பு இருக்கிறது, உங்கள் மாநில விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

இதை முழுதாகக் கட்டிய நிலையில் எங்கேயும் வைக்காதீர்கள். ஸ்விம்பெய்ட்டுகளைக் கொக்கியிலிருந்து கழற்றித் தனியே போட்டுவிட்டு, கம்பிகளைக் குடை மடக்குவதுபோல் தலையிலிருந்து ஒன்றாகச் சேர்த்து, நடுவில் ஒரு வெல்க்ரோ பட்டை. பிறகு வாயகன்ற பிளாஸ்டிக் குழாய்க்குள், அல்லது வாங்கிய உறைக்குள். கம்பியை மடக்கி நீட்டி மடக்கி நீட்டி வைத்தால் அடிப்பாகத்தில் முறியும் என்பதால், சீசனில் அடிக்கடி பயன்படுத்தினால் மட்டும் விரித்தபடியே கேரேஜ் சுவரில் ஆணியில் தொங்கவிடலாம், ஸ்விம்பெய்ட் இல்லாமல்.

வீட்டுச் சேமிப்பு வேறு, கையில் போவது வேறு

எல்லாவற்றையும் ஏரிக்குத் தூக்கிப்போவதில்தான் பாதிச் சிக்கு உண்டாகிறது. வீட்டில் வகைவாரியாகப் பெரிய பெட்டிகள் இருக்கட்டும். போகும் முன் இரவு, அன்றைய தண்ணீருக்கு வேண்டியதை மட்டும் சின்னப் பெட்டிக்கு எடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் டெக்சாஸின் சாம் ரேபர்ன், டோலிடோ பெண்ட் மாதிரி பாசி படர்ந்த ஏரிகளில் மூக்குத் தகடு இல்லாத, சிவப்பு நிற லிப்லெஸ் கிரேங்க்பெய்ட்டை வீசாதவர் குறைவு. அப்போது தவளை லூர்களைச் சுமந்துபோவதில் பிரயோசனமில்லை. ஜூலையில் நேர்மாறு, குளிர்நீருக்கான ஜெர்க்பெய்ட்டுகள் வீட்டிலேயே இருக்கலாம். கரையில் பிடிப்பவருக்கு ஒரு 3600 பெட்டியும் ஒரு பைண்டர் பையும் நான்கு பை பிளாஸ்டிக்கும் தாராளம்.

அந்தப் பெட்டியில் இரண்டு அறைகளைக் காலியாக விடுங்கள். இது மிச்சப்படுத்திய இடம் என்று நினைத்து நிரப்பிவிடாதீர்கள். அன்று நனைந்த லூர்கள் போக வேண்டிய இடம் அது. படகில் போனால் ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கப் ஹோல்டரில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டே வரலாம். நனைந்த ஒரே ஒரு லூரை மூடிய பெட்டிக்குள் போட்டாலே, அந்த ஈரம் ஆவியாகி மற்ற எல்லா முள்ளிலும் துரு ஏற்றும். காய்ந்தவையும் நனைந்தவையும் ஒரு மூடிக்குள் சேரவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் நனைந்தவற்றை இரவு முழுக்கத் திறந்து வையுங்கள். கடல் ஏற்றம் வந்துபோகும் ஆறுகளில், உப்புக் கலந்த தண்ணீரில் பிடித்திருந்தால் முதலில் குழாய்த் தண்ணீரில் அலச வேண்டும். தவளை லூரின் வயிற்றை அமுக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் பீய்ச்சி வரும், அதைச் செய்யாமல் வைத்தால் முள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். தவளையை எதற்கும் அடியில் வைக்காதீர்கள், வயிறு ஒட்டிப்போனால் மிதப்பு மாறிவிடும். நீர்மேல் சத்தமிட்டு ஓடும் பாப்பரின் வாலில் இறகு கட்டிய முள் இருந்தால் அந்த இறகை விரலால் நீவி உலர விடுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் பெட்டிக்கு ஒன்று போட்டுவைக்கலாம். துருவைத் தடுக்கும் ஆவியை மெதுவாக வெளிவிடும் ஸீரஸ்ட் தடுப்புகளோடும் ஃபிளாம்போ கம்பெனிப் பெட்டிகள் வருகின்றன.

காரில் விட்டுவைக்காதீர்கள். டெக்சாஸ் வெயிலில் மூடிய காருக்குள் 130 டிகிரி பாரன்ஹீட் சாதாரணம். புழுக்கள் ஒரே பாளமாகும், உள்ளீடற்ற கெட்டி லூர்களில் காற்று விரிந்து ஒட்டிய தையல் விடும்.

தூண்டில் கோல்களை லூர் கட்டியபடியே காரில் அடுக்கிப் போவதும் இன்னொரு சிக்கு. கைப்பிடிக்கு மேலே முள் மாட்டுவதற்கென்றே ஒரு சின்னக் கம்பி இருக்கும், அதில் மாட்டுங்கள். நரம்பு ஓடும் வளையத்துக்குள் முள்ளை மாட்டினால் உள்பூச்சில் கீறல் விழும், அப்புறம் அந்தக் கீறல் நரம்பை அறுக்கும். மாட்டிய லூரின் மேல் வெல்க்ரோ துணி உறை ஒன்றைச் சுற்றிவிட்டால் ஐந்து கோல்களை ஒன்றாகக் கட்டிக்கூடக் கொண்டுபோகலாம்.

குளிர்காலத்தில் ஒரு மதியம்

டிசம்பரில் எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை காலி செய்யுங்கள். ஒவ்வொரு முள் நுனியையும் கட்டைவிரல் நகத்தின் மேல் அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். நகத்தில் பிடித்தால் கூர்மை இருக்கிறது; வழுக்கிக்கொண்டு போனால் மாற்ற வேண்டும். துருப்பிடித்த முள்ளைத் தேய்த்துப் பயன்படுத்துவதில் லாபமில்லை. ட்ரெபிளில் எண் ஏற ஏற அளவு சிறிதாகும், 6 என்பது 4ஐவிடச் சின்னது. பழையது எந்த எண்ணோ அதே எண்ணை மாட்டுங்கள். மிதக்காமலும் மூழ்காமலும் தண்ணீரின் நடுவில் நிற்க வேண்டிய ஜெர்க்பெய்ட்டுக்கு ஓர் அளவு பெரிய முள் மாட்டினால் அது மெல்ல மூழ்க ஆரம்பிக்கும். எந்த லூருக்கு எந்த எண் என்பதை அப்போதே மூடியின் உள்பக்கம் அழியாத மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை கடையில் நிற்கும்போது அந்த மூடியைப் படம் எடுத்து வைத்திருந்தால் போதும்.